ஓடமும் வண்டியும் சைக்கிளும்

(உலக மிதிவண்டி நாளான ஜூன் 3 அன்று எங்கள் ஊர்க் கிளை நூலக வாசகர் வட்டத்தில் பேசியது. நினைவிலிருந்து எழுதியிருக்கிறேன். நடுவில் மைக் இரண்டு தடவை நின்றுபோனது. அப்போது பேசியதும் இதில் இருக்கிறது.)

எல்லாருக்கும் வணக்கம்.

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் மேல்நிலைப்பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, அரிமா சங்கத்து நண்பர்களே, வெயில் என்றும் பாராமல் பந்தோபஸ்துக்கு வந்து, இப்போது உட்காரவும் சம்மதித்திருக்கும் உதவி ஆய்வாளர் அவர்களே, இந்த மின்விசிறியைத் தன் வீட்டிலிருந்து தூக்கி வந்த நூலகர் அவர்களே, மாணவச் செல்வங்களே! ஒருவரை விட்டுவிட்டேன். வெளியே நிற்கிற அத்தனை சைக்கிளுக்கும் காலை ஆறு மணியிலிருந்து காற்றடித்துக் கொடுத்த சைக்கிள் கடை பாய். அவர் கூட்டத்தில் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. கை தூக்குங்கள் பாய். ஆ, தூணுக்குப் பின்னால்! எனக்குப் போட்ட சால்வையை அவருக்குப் போடலாமா? தலைவர் அம்மா தலையசைத்துவிட்டார். வாங்க பாய்.

சரி. எனக்கு அரை மணி நேரம் கொடுத்தார்கள், அதில் ஐந்து நிமிடம் சால்வையிலேயே போய்விட்டது. மூன்று விஷயம் பேசப்போகிறேன். முதலாவது, சைக்கிளில் ஊர் சுற்றியவர்களின் கதை. இரண்டாவது, அன்றாடம் சைக்கிள் மிதிப்பவர்களும் நம் சமூகமும். மூன்றாவது, சைக்கிளும் உடல்நலமும். மூன்றுக்கும் பொதுவாக ஒரே பழமொழி. என்னிடம் படித்தவர்கள் இப்போதே சிரிக்கிறார்கள். ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்.

முதல் விஷயம். 1894இல் ஆனி லண்டன்டெரி என்று ஒரு பெண். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக்காரர், மூன்று குழந்தைகளுக்குத் தாய். உலகம் சுற்றுகிறேன் என்று சைக்கிளோடு கிளம்பிவிட்டார். லண்டன்டெரி என்பது அவர் பெயரே இல்லை, ஒரு தண்ணீர் கம்பெனியின் பெயர். நூறு டாலர் கொடுத்து, அந்தப் பெயரைப் பலகையில் எழுதிச் சைக்கிளில் மாட்டிவிட்டார்கள். அவரும் அதையே தன் பெயராக்கிக்கொண்டார். நம்ம ஊர் கிரிக்கெட்காரர்கள் சட்டையில் விளம்பரம் போட்டுக்கொள்வதெல்லாம் அப்புறம் வந்தது. பாவாடையோடு கிளம்பியவர், வழியில் அதைக் கழற்றிவைத்துவிட்டுக் கால்சட்டைக்கு மாறினார். அதற்கு எத்தனை பேர் முகம் சுளித்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் ஆள் உண்டு. 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். 1928 மார்ச்சில் ஊர் திரும்பியபோது மூன்று பேர்தான் மிச்சம்: ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்கரா. ஏறக்குறைய 71,000 கிலோமீட்டர். அன்றைக்குக் கைபேசியில் வரைபடம் கிடையாது. இன்றைக்கு நம் ஊரிலிருந்து திருச்சிக்குப் போகிறேன் என்றாலே வீட்டில் ஜாதகம் பார்க்கச் சொல்கிறார்கள்.

நானும் ஊர் சுற்றியவன்தான். உலகம் இல்லை, ராமேஸ்வரம். அதைச் சொல்லாமல் என்னால் இரண்டாவது விஷயத்துக்குப் போக முடியாது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்த காலம், 1991, 92. ஷீலா ராணி சுங்கத் அவர்கள் கலெக்டர். எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுப்பது என்று முடிவானது. நான் தொண்டன். ராத்திரி அரிக்கேன் விளக்கில் அ, ஆ. விடிந்தும் விடியாத நேரத்தில் பள்ளிக்கூடத்து மைதானத்தில் சைக்கிள். விவசாயக் கூலி, கல்லுடைக்கிறவர்கள், பால்வாடி ஆயா, கிராம செவிலியர் என்று பல்லாயிரம் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிளுக்குக் கடையில் தட்டுப்பாடு வந்துவிட்டது. கிடைக்காதவர்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தார்கள். அதிலும் ஒரு சௌகரியம் கண்டுபிடித்தார்கள்: பார் மேல் பிள்ளையை உட்கார வைக்கலாம்.

சைக்கிள் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு ஒன்று. பெடலைப் பார்ப்பார்கள், முன் சக்கரத்தைப் பார்ப்பார்கள், விழுவார்கள். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுகிற நான் தொண்டை கிழியக் கத்துவேன், “கீழ பாக்காத, முன்னாடி பாரு!” ஒரு நாளைக்கு இருநூறு தடவை. தூக்கத்திலும் கத்தினேன் என்று என் மனைவி சொல்வாள்.

அப்புறம் 1995 பொங்கல் லீவில் நானும் என்னோடு வேலை பார்த்த இன்னொரு வாத்தியாரும் சைக்கிளில் ராமேஸ்வரம் கிளம்பினோம். புதுக்கோட்டை, அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மீமிசல், அப்புறம் கடலை இடது பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே. கேரியரில் ஜமுக்காளம், ஒரு பையில் புளிச்சோறு, பஞ்சர் ஒட்டுகிற சாமான். அறந்தாங்கி தாண்டி ஏதோ ஒரு ஊர். பெயர் வேண்டாம். ஊருக்குள் நுழைந்ததும் நண்பர் சட்டென்று இறங்கிச் சைக்கிளைத் தள்ள ஆரம்பித்தார். “பஞ்சரா?” என்றேன். “இல்ல சார், ஊர்த் தெரு” என்றார். எனக்குப் புரியவில்லை. தெரு முடிந்ததும் ஏறிக்கொண்டார். கொஞ்ச தூரம் பேசாமல் மிதித்துவிட்டுச் சொன்னார். அவர் பிறந்த ஊரில் அவர் தெருக்காரர்கள் மேல்சாதித் தெருவில் சைக்கிளில் ஏறிப் போகக் கூடாதாம். இவர் பி.எட். முடித்த பிறகும் அதேதான். முன்பின் தெரியாத ஊரிலும் கால் தானாக இறங்கிவிட்டது. நான் அதுவரைக்கும் சைக்கிள் என்றால் யார் வேண்டுமானாலும் ஏறிப் போகிற வண்டி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்...

வாங்க, வாங்க! கவுன்சிலர் வந்துவிட்டார். முன் வரிசையில் இடம் கொடுங்கள். பிள்ளைகளா, கொஞ்சம் நகருங்கள். இவர் பொறுப்பில்தான் இன்றைக்குச் சுண்டல். நன்றி.

எங்கே விட்டேன்? ஆவுடையார்கோவில். கல்லில் கயிறு மாதிரி, கம்பி மாதிரி இழைத்து வைத்திருக்கிறார்களே கோயில் கூரை விளிம்பு, அந்தக் கொடுங்கையைப் பார்த்துவிட்டு மீமிசல் ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறோம். திடீரென்று என் வலது பெடல் தொங்கிவிட்டது. காட்டர் பின் கழன்று எங்கேயோ விழுந்துவிட்டது. காட்டர் பின் என்றால் என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது, பாயிடம் கேளுங்கள். சுண்டுவிரல் அளவு இரும்புத் துண்டு. அது இல்லாவிட்டால் பெடலைத் தாங்கும் கிராங்க் அச்சில் பிடிப்பில்லாமல் ஆடும், ஒழுங்காக மிதிக்க முடியாது. பஞ்சருக்கு எல்லாம் கொண்டுவந்தவன் இதைக் கொண்டுவரவில்லை. சுற்றிலும் சீமைக்கருவேலம். கடை கிடையாது, ஆள் கிடையாது.

அப்போது எதிரே ஒரு அம்மா ஜென்ட்ஸ் சைக்கிளில் வருகிறார். பாரில் துண்டை மடித்துப் போட்டு மூன்று வயசுப் பையன், ஹேண்டில்பாரில் பிளாஸ்டிக் குடம். காலை ஊன்றி நிறுத்தினார். “என்னாச்சு?” என்றார். சொன்னோம். கீழே கிடந்த குச்சியை ஒடித்து, கல்லால் பின் ஓட்டைக்குள் அடித்து இறுக்கினார். இருநூறு அடி போனோம், குச்சி பொடியாகிவிட்டது. “மீமிசல்ல கடை இருக்கு. சார் கேரியர்ல ஏறுங்க. அந்த சார் ஒரு கையில உங்க வண்டிய உருட்டிக்கிட்டு வரட்டும்” என்றார். தண்ணீருக்கு வந்தவர் எங்களுக்காக வண்டியைத் திருப்புகிறார். எனக்குக் கூச்சம். ஆள் நான் எழுபது கிலோ. ஏறினேன். வண்டி ஆடியது. பயத்தில் குனிந்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். முன்னாலிருந்து ஒரு சத்தம்: “கீழ பாக்காதீங்க அறிவொளி சார், முன்னாடி பாருங்க!”

மைதானத்தில் நான் கத்திய அதே வார்த்தை. கந்தர்வகோட்டைப் பக்கம் பிறந்து, மீமிசல் பக்கம் வாக்கப்பட்டு வந்திருக்கிறார். முதலிலேயே என்னைத் தெரிந்துவிட்டதாம். கீழே பார்க்கட்டும் என்று காத்திருந்திருக்கிறார்! ஓடம் வண்டியில் ஏறியது ஐயா, ஏறியது. மீமிசல் வரைக்கும் வாயே திறக்காமல் உட்கார்ந்து வந்தேன். கடையில் காட்டர் பின் போட ஐந்து நிமிடம்தான் ஆனது. டீ வாங்கிக் கொடுத்தோம், குடம் நிரப்ப நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மீமிசலுக்கு முன்னால் ஒரு ஊர்த் தெரு வந்தது. நண்பர் ஒரு கையில் என் வண்டியையும் பிடித்திருந்தாரா, இறங்கினால் மறுபடி ஏற முடியாது. இறங்கவில்லை. மிதித்தே போய்விட்டார்.

ராமேஸ்வரம் போனோம். பாம்பன் பாலத்துக் காற்றில் இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனோம். அது வேறு கதை.

இரண்டாவது விஷயம். “இலவசம் கொடுத்துக் கொடுத்து நாட்டைக் கெடுத்துவிட்டார்கள்” என்று டீக்கடையிலும் தொலைக்காட்சியிலும் பேசுகிறார்கள். பட்டியலில் முதலில் வருவது மிக்ஸியும் கிரைண்டரும், அடுத்தது சைக்கிள். தமிழ்நாட்டில் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய திட்டம், சில வருடத்தில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்குமாக விரிந்தது. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குக் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அதை ஆராய்ந்தார்கள். உயர்நிலைப்பள்ளியில் சேர்கிற பெண் பிள்ளைகள் 32 சதவீதம் கூடியிருந்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த இடைவெளி 40 சதவீதம் குறைந்திருந்தது. இதையா இலவசம் என்கிறோம்? நடைபாதையை மறித்துக் காரை நிறுத்துகிறோமே, அந்த இடம் மட்டும் என்ன விலைக்கு வாங்கியதா? அதை யாரும் இலவசம் என்று சொல்வதில்லை. கவுன்சிலர் சிரிக்கிறார், அவர் கார் வெளியே எங்கே நிற்கிறது என்று நான் பார்த்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹெல்மெட் போட்டு, ஒரு லட்ச ரூபாய்க் கியர் சைக்கிளில் போகிறவரைப் பார்த்து “ஃபிட்னஸ்!” என்கிறோம். ராத்திரி வேலை முடிந்து துருப்பிடித்த வண்டியில் வருகிற வாட்ச்மேனைப் பார்த்து “பாவம், வண்டி வாங்க வசதியில்லை” என்கிறோம். இரண்டு பேரும் மிதிப்பது ஒரே ரோடு. இரண்டு பேரையும் உரசிக்கொண்டு போவது ஒரே லாரி. கொல்கத்தாவில் 2013இல் 174 சாலைகளில் சைக்கிளே வரக்கூடாது என்று தடை போட்டார்கள். பால்காரரும் பேப்பர் போடுகிறவரும் எங்கே போவார்கள்?

நெதர்லாந்து என்றால் எல்லாரும் சைக்கிள் நாடு என்கிறோம். அங்கேயும் ஒரு காலத்தில் கார்தான் ராஜா. 1971இல் ஒரே வருடத்தில் மூவாயிரம் பேருக்கு மேல் சாலையில் செத்தார்கள், அதில் நானூறுக்கு மேல் குழந்தைகள். பெற்றவர்கள் தெருவுக்கு வந்தார்கள், ரோட்டில் படுத்தார்கள். அந்த இயக்கத்தின் பெயரே ‘குழந்தைக் கொலையை நிறுத்து’. 1973இல் பெட்ரோல் தட்டுப்பாடு வேறு வந்து, ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டத் தடை போட்டார்கள். வண்டியும் ஓடத்தில் ஏறியது. அதற்குப் பிறகுதான் இன்று நாம் படத்தில் பார்க்கிற சைக்கிள் பாதை எல்லாம். நம் நாட்டில் 2022இல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர்.

இப்போது நம் பைபாஸுக்கு வருகிறேன். தலைமையாசிரியர் பெருமூச்சு விடுகிறார், வருவேன் என்று அவருக்குத் தெரியும். பைபாஸ் வந்த பிறகு பள்ளிக்கூடம் அந்தப் பக்கம், மூன்று கிராமம் இந்தப் பக்கம். அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் பிள்ளைகள் வருகிறார்கள். கடக்க வேண்டுமானால் இரண்டு கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டும். போகிறார்களா? காலை எட்டரைக்கு நீங்களே வந்து பாருங்கள். ஒரு பெண் நடுத்திட்டில் ஏறி நிற்கிறாள், இன்னொருத்தி சைக்கிளைத் தூக்கிக் கொடுக்கிறாள், இரண்டு பக்கமும் லாரி. தாவணி செயினில் மாட்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மிச்சப் பிள்ளைகள் வாய்க்கால் கல்வெர்ட்டுக்குள் குனிந்து சைக்கிளைத் தள்ளிப் போகிறார்கள். கோடையில் சரி. ஐப்பசியில் இடுப்பளவு தண்ணீர். அப்போது நிஜமாகவே வண்டி ஓடத்தில் ஏற வேண்டியதுதான்! நாங்கள் கேட்பது மேம்பாலம் இல்லை. அந்தக் கல்வெர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் போகிற அகலத்துக்குச் சுரங்கப்பாதை. அதற்கும் நாளாகும் என்றால், அதுவரைக்கும் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் ஒரு காவலர். உதவி ஆய்வாளர் அவர்களே, இதற்காகத்தான் உங்களை உட்கார வைத்தோம். இதுவரை பதினொரு மனு கொடுத்திருக்கிறேன். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த ரசீதெல்லாம் இந்தப் பையில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் வந்த பதில் ஒன்றுதான், “தங்கள் மனு தொடர்புடைய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது.” தொடர்புடைய அலுவலகம் எது என்று கேட்டு எழுதியதுதான் பன்னிரண்டாவது மனு.

நேரம் ஆகிவிட்டது என்று நூலகர் சீட்டு கொடுக்கிறார். மூன்றாவது விஷயம், உடல்நலம். அதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

பதின்மூன்றாவது மனு அதோ சுண்டல் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நோட்டில் கையெழுத்து, பக்கத்தில் ஊர், அவ்வளவுதான். பேனாவை நூலால் கட்டியிருக்கிறேன், அவிழ்க்காதீர்கள். முதல் பக்கத்தில் முதல் வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். தலைவர் அம்மா, நீங்கள் வந்து போட்டால் மற்றவர்களுக்குச் சுண்டல் கிடைக்கும்.