சீனியை வேதிப்பொருளாக்கும் பாக்டீரியா

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

கோலாலம்பூரில் மீ கோரிங் போடும் கடைகளில், வாணலியில் தூவப்படும் அஜினோமோட்டோவை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அது பாக்டீரியா ஆக்கித் தரும் பொருள் என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிக்குனே இக்கேடா, கொம்பு எனும் கடற்பாசியின் சுவைக்குக் குளூட்டாமிக் அமிலமே காரணம் என்று கண்டறிந்தார். அந்த அமிலத்தின் உப்புதான் அஜினோமோட்டோ. அதன்பின் நெடுங்காலம் கோதுமைப் புரதத்தை வேறோர் அமிலத்தில் வேகவைத்தே அதைத் தயாரித்தார்கள். 1950-களின் பிற்பகுதியில்தான், சர்க்கரையை உண்டு குளூட்டாமிக் அமிலத்தை வெளியே விடும் கொரினிபாக்டீரியம் குளூட்டாமிக்கம் என்ற பாக்டீரியாவை ஷுக்குவோ கினோஷிட்டாவின் குழு கண்டுபிடித்தது.

தன் வளர்ச்சிக்கு வேண்டியதை எந்தச் செல்லும் வீணே வெளியேற்றாது. பயோட்டின் எனும் வைட்டமின் குறையும்போதுதான் இந்த பாக்டீரியாவின் செல்லுறை இளகி, குளூட்டாமிக் அமிலம் வெளியே கசிகிறது. செல்லை நம் பக்கம் திருப்பும் இந்த நுட்பமே, பாக்டீரியாவைக் கொண்டு வேதிப்பொருள் ஆக்கும் இத்துறையின் உயிர்நாடி என்பேன்.

கணக்கும் கறாரானது. குளுக்கோஸில் ஆறு கார்பன் அணுக்கள், குளூட்டாமிக் அமிலத்தில் ஐந்து. மீதி ஒன்று கரியமில வாயுவாகப் போய்விடுகிறது. ஆகவே 180 கிராம் குளுக்கோஸிலிருந்து அதிகபட்சம் 147 கிராம்தான் கிடைக்கும். செல்லும் தன் பங்குக்குச் சர்க்கரையை உண்டு பெருகுவதால், நடைமுறையில் அதுவும் குறையும். இத்துறையில் பயன்படும் இன்னொரு வகையான ஈ.கோலை பாக்டீரியாவுக்கோ சர்க்கரையை ஒரேயடியாகக் கொட்டினால், அது அசிட்டிக் அமிலத்தை வெளியேற்றித் தன் வளர்ச்சியைத் தானே முடக்கிக்கொள்ளும். அதனால் பாக்டீரியாவை வளர்க்கும் தொட்டியான நொதிக்கலனில் சர்க்கரைக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். காற்று குறையக் கூடாது, நுரை பொங்கக் கூடாது, புளிப்பு ஏறும்போதெல்லாம் அமோனியா சேர வேண்டும்.

நம் நாட்டில் திரெங்கானு மாநிலத்தின் கெர்த்தேயில், கோழித் தீவனத்தில் கலக்கும் மெத்தியோனின் எனும் அமினோ அமிலத்தை நொதித்தல் வழியாகத் தயாரிக்கும் ஆலை உண்டு. ஆனால் மலேசியா தனக்கு வேண்டிய கச்சாச் சீனியைப் பெரும்பாலும் இறக்குமதி செய்யும் நாடு. எனவே நாம் நாட வேண்டிய சர்க்கரை செம்பனை ஆலைகளில் பழத்தை உதிர்த்தபின் எஞ்சும் வெறுங்குலையில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆலைக்குள் 100 கிலோ பழக்குலை போனால், ஏறத்தாழ 20 கிலோ வெறுங்குலையாக வெளியே வருகிறது. அதன் உலர் எடையில் பாதிக்கு மேல் செல்லுலோஸும் ஹெமிசெல்லுலோஸும்தான். இரண்டுமே சர்க்கரைச் சங்கிலிகள்.

அந்தச் சர்க்கரை, தாவரத்துக்கு உறுதி தரும் லிக்னின் எனும் பொருளோடு பிணைந்து கிடக்கிறது. அமிலமும் வெப்பமும் கொண்டு பிரித்தால், பர்ஃபியூரால் போன்ற பொருள்கள் உண்டாகி பாக்டீரியாவையே தாக்குகின்றன. மேலும் கிடைக்கும் கலவையில் குளுக்கோஸும் சைலோஸ் எனும் வேறொரு சர்க்கரையும் சேர்ந்திருக்க, ஈ.கோலை குளுக்கோஸ் தீரும்வரை சைலோஸைத் தொடாது. இரண்டையும் ஒருசேர உண்ணும்படி மரபணு திருத்தப்பட்ட வகைகளை ஆய்வாளர்கள் உருவாக்கிவிட்டார்கள். இனி நின்று தடுப்பவை சர்க்கரைச் சங்கிலிகளை உடைக்கும் நொதிகளின் விலையும், ஈரமும் கனமுமான வெறுங்குலையை ஏற்றிச் செல்லும் செலவும்தான். பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் எரித்து நீராவி எடுக்கும் செம்பனை ஆலைகள் ஏற்கெனவே இருப்பதால், நொதிக்கலன்களை அவற்றின் அருகிலேயே அமைப்பதுதான் முறை. நன்றி, வணக்கம்.