மோல்விட்ஸ்: ராஜா இல்லாமல் ஜெயித்த சண்டை

நேயர்களுக்கு வணக்கம். பிற்காலத்தில் ‘மகா பிரடெரிக்’ என்று பெயரெடுத்த, பிரஷ்யா என்ற ஜெர்மானிய நாட்டின் அரசர், தம் முதல் பெரிய சண்டையில் பாதியிலேயே களத்தை விட்டுப் போய்விட்டார். அவர் இல்லாமலேயே அவருடைய படை ஜெயித்தது.

1740இல் பட்டத்துக்கு வந்தார். அதே ஆண்டு அக்டோபரில் வியன்னாவில் ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் ஆறாம் சார்லஸ் இறந்தார். வாரிசான மகள் மரியா தெரேசாவுக்கு வயது 23. சமயம் பார்த்து டிசம்பரிலேயே தெரேசாவின் சிலேசியா மாகாணத்துக்குள் பிரடெரிக் புகுந்தார். நியாயம் என்று பெரிதாக எதுவும் இல்லை, ஆசைதான்.

1741 ஏப்ரல் 10. தரையெல்லாம் பனி. சிலேசியாவின் மோல்விட்ஸ் கிராமத்தில் தளபதி நைப்பெர்க்கின் ஆஸ்திரியப் படை அசந்திருந்தது. உடனே பாய்ந்திருக்கலாம். 29 வயது ராஜாவோ பாடம் படித்த பிள்ளையாக, படையை வரிசை பிசகாமல் நிறுத்துவதிலேயே நேரத்தைக் கழித்தார். என்னைக் கேட்டால், ஓடியதைவிட இதுதான் பெரிய பிழை.

அதற்குள் ஆஸ்திரியக் குதிரைப்படை வலப்பக்கத்தில் மோதியது. பிரஷ்யக் குதிரைவீரர்கள் சிதறினார்கள். மூத்த தளபதி ஷ்வேரின், “நீங்கள் கிளம்புங்கள்” என்று அரசரை அனுப்பிவைத்தார். இரவில் ஓப்பெல்ன் நகர வாசலுக்கு வந்தால், உள்ளே இருந்தது எதிரியின் குதிரைவீரர்கள்! துப்பாக்கிச் சூட்டுக்குத் தப்பித் திரும்பினார். அவருடன் வந்திருந்த பிரெஞ்சு விஞ்ஞானி மோப்பெர்துய் அன்று ஆஸ்திரியர்களிடம் மாட்டிக்கொண்டார். பூமியின் வடிவத்தை அறிய லாப்லாந்து வரை போய் அளந்தவருக்கு இதுவும் ஓர் அனுபவம்!

களத்தில் காலாட்படை அசையவில்லை. அதை அப்படிப் பழக்கியவர் பிரடெரிக்கின் அப்பா. துப்பாக்கிக்குள் மருந்தைத் திணிக்க அவர்களிடம் இரும்புக் கோல் இருந்தது. மரக்கோல் அவசரத்தில் முறியும், இது முறியாது. சரமாரியாகச் சுட்டுக்கொண்டே முன்னேறினார்கள். மாலையில் நைப்பெர்க் பின்வாங்கினார். ஆனால் இரு தரப்பிலும் தலா நாலாயிரம் பேருக்கு மேல் ஆள்சேதம். ராஜாவுக்குச் சேதி எட்டியது மறுநாள்தான்.

மோல்விட்ஸ்தான் தமக்குப் பள்ளிக்கூடம் என்று பின்னாளில் அவரே எழுதினார். அப்புறம் குதிரைப்படையைப் பிடித்து உலுக்கினார். 1745இல் ஹோஹென்பிரீட்பெர்க் சண்டையில் ஒரே பாய்ச்சலில் எதிரியின் அறுபதுக்கு மேற்பட்ட கொடிகளைக் கைப்பற்றியது அந்தக் குதிரைப்படைதான். ஆனால் தம்மை அனுப்பிவிட்டுச் சண்டையை ஜெயித்துக்கொடுத்த ஷ்வேரின்மீது அவருக்கு மனத்தாங்கல் இருந்துகொண்டே இருந்தது.