குருகும் உண்டு

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், பின்வரிசையில் இடம் பிடித்திருக்கும் மாணவப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு குறுந்தொகை. மொத்தம் 401 பாட்டு. ஒரே மாலையில் அத்தனையையும் தொட்டுக் காட்டப் பார்த்தால் ஒன்றும் மனத்தில் தங்காது. அதனால் ஒரே ஒரு பாட்டோடு வந்திருக்கிறேன். 25ஆம் பாட்டு, கபிலர் பாடியது, குறிஞ்சித் திணை. ஐந்தே அடி. முதலில் காதால் கேளுங்கள்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

ஊர் அறியாமல் ஒருவனோடு கூடிவிட்ட பெண் பேசுகிறாள். மணம் பேச அவன் இன்னும் வரவில்லை. நாள் போய்க்கொண்டே இருக்கிறது. தோழியிடம் சொல்கிறாள்: "அன்றைக்கு அங்கே யாரும் இல்லையடி. அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே அதைப் பொய்யாக்கிவிட்டால் நான் என்ன செய்வேன்? ஒரு குருகும், அந்த நீர்ப்பறவையும், இருந்தது. தினைத்தாள் மாதிரிச் சின்னதாய், பச்சையாய் அதன் கால். ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீன் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தது, அவன் என்னைக் கூடிய அன்றைக்கு."

இவ்வளவுதான் பாட்டு. வகுப்பில் இதை நடத்தியபோது ஒரு மாணவி கேட்டாள்: "ஐயா, இவ்வளவு பெரிய கவலையில் இருக்கிறவளுக்குக் கொக்கின் கால் எதற்கு ஞாபகம் வருகிறது?" அன்று உவமை, கருப்பொருள் என்று ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். பல வருடம் கழித்துத்தான் அந்தக் கேள்விக்குள் பாட்டு முழுவதும் இருப்பது புரிந்தது. இன்றைக்கு நான் பேசப்போவது அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

முதலில், இவள் பயம் வெறும் மனப்பிரமை இல்லை என்பதைப் பார்க்க வேண்டும். அகநானூறு 256ஆம் பாட்டில் கள்ளூர் என்ற ஊரில் நடந்த ஒரு செய்தி வருகிறது. ஒருவன் ஒரு பெண்ணின் நலத்தைக் கவர்ந்துவிட்டு, 'இவளை அறியேன்' என்று பொய்ச்சூள், அதாவது பொய்ச்சத்தியம், செய்கிறான். ஊரவை கூடுகிறது. சாட்சியை விசாரிக்கிறது. பாட்டில் வரும் சொல் 'அறிகரி'. கரி என்றால் சாட்சி. அவன் பொய் வெளிப்பட்டதும் மரக்கிளையில் கட்டிவைத்துத் தலையில் நீற்றைக் கொட்டுகிறார்கள். அவையில் எழுந்த ஆரவாரம் கொஞ்சநஞ்சமில்லை. தொல்காப்பியமும் 'பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப' என்கிறது. பொய்யும் குற்றமும் தலைகாட்டிய பிறகுதான் மணச்சடங்கே வந்தது என்பது அந்த நூற்பா தரும் செய்தி. 'தானது பொய்ப்பின்' என்று இவள் சொல்லும்போது அந்தப் பொய்க்கு ஊரில் ஏற்கெனவே பேர் இருக்கிறது, தண்டனை இருக்கிறது. கள்ளூர்ப் பெண்ணுக்குச் சாட்சி சொல்ல ஆள் இருந்தது. இவளுக்கு யார்?

மூன்றாம் அடியில் அந்தச் சாட்சியைத் தேடித்தான் அவள் பார்வை போகிறது. அவள் பறவையின் பேரைக்கூட இன்னும் சொல்லவில்லை. முதலில் கால் தெரிகிறது. யோசித்துப் பாருங்கள், நாணத்தில் தலை கவிழ்ந்திருக்கும் பெண்ணின் கண்ணுக்கு எது முதலில் படும்? தண்ணீர் ஓரத்தில் நிற்கும் கால்தான் படும். அதற்குப் பிறகு ஓடும் நீர், நீருக்குள் ஆரல், கடைசி அடியில்தான் குருகு. அன்றைக்கு அவள் கண் மெல்ல மேலே போன வழியிலேயே கபிலர் சொற்களை அடுக்கியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் காலுக்கு ஏன் தினைத்தாள்? குருகு வயல்வெளியிலும் கழியோரத்திலும் நிற்கிற பறவை. பாட்டோ குறிஞ்சி. தினைப்புனத்தில் கிளி ஓட்டி வளர்ந்த பெண்ணுக்குப் பச்சையாய் மெலிந்து நிற்கும் எதைப் பார்த்தாலும் தினைத்தாள்தான் நினைவுக்கு வரும். ஒரே உவமையில் அவள் ஊர், அவள் வேலை, அவள் கைபட்ட பயிர் எல்லாம் வந்துவிடுகிறது. அந்தத் தாள் எவ்வளவு மெல்லியது என்பதையும் பாருங்கள். தன் வழக்கை முழுக்க அந்தக் கால்மேல்தான் அவள் நிறுத்த வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் வாய்க்கால் மதகடியில் மடையானைப் பார்த்திருக்கிறேன். குருட்டுக்கொக்கு என்றும் சொல்வோம். நாம் பக்கத்தில் போகும்வரை அசையாது. அதனால்தான் அந்தப் பேர். மண்நிற முதுகு, பச்சை கலந்த மங்கலான கால். கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கும். கபிலர் கண்ட குருகு இதுதான் என்று சாதிக்க நான் வரவில்லை. நூல்களில் குருகு என்ற சொல் பல நீர்ப்பறவைகளுக்கு வருகிறது. ஆனால் ஊர் அதற்குக் 'குருடு' என்று பேர் வைத்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பெண்ணின் சாட்சி ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

அது எதைப் பார்த்துக்கொண்டிருந்தது? ஆரலை. பாம்புபோல நீண்டு வழுக்கும் மீன், சேற்றோடு சேறாகக் கிடக்கும். ஓடுகிற தண்ணீரில் அதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் கண்ணை வேறு பக்கம் திருப்ப முடியாது. பக்கத்தில் ஒரு பெண்ணின் வாழ்க்கை மாறிக்கொண்டிருக்கிறது; குருகுக்கு அதன் பசி. அது வேண்டுமென்றே பாராமுகமாக இல்லை. உலகம் தன் பாட்டுக்கு நடக்கிறது, அவ்வளவுதான். இதைவிடத் தனிமையை ஒரு கவிஞன் எப்படிக் காட்டிவிட முடியும்?

இந்த இடத்தில் உள்ளுறை, அதாவது காட்சிக்குள் ஒளிந்திருக்கும் பொருள், சொல்வோர் உண்டு. ஆரலுக்குக் காத்திருந்து கொத்தித் தின்றுவிட்டுப் பறந்துபோகும் குருகுதான் தலைவன் என்பார்கள். அதை நான் மறுக்கவில்லை. அவள் வாய்விட்டுச் சொல்லாத பயம் அந்தப் படத்தில் கசிவது உண்மை. ஆனால் அதோடு பாட்டை மூடி வைத்துவிடக் கூடாது. அவனைக் 'கள்வன்' என்கிறாளே, அந்தச் சொல்லில் குற்றச்சாட்டு எவ்வளவோ அவ்வளவு ஆசையும் இருக்கிறது. களவு என்பதே நம் இலக்கணத்தில் காதலுக்குப் பேர்தானே!

இப்போது நான்காம் அடியை மட்டும் சொல்கிறேன். 'ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்.' மற்ற நான்கு அடிக்கும் நான்கு சீர். இதற்கு மூன்றுதான். ஆசிரியப்பாவில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, குறைந்து வருவது நேரிசை என்ற வகைக்கு உரிய இலக்கணம், கபிலர் புதிதாகச் செய்ததில்லை. ஆனால் அந்தக் குறைந்த அடியில் எதை வைத்தார்? குருகின் காத்திருப்பை. நான்காம் சீர் வர வேண்டிய இடத்தில் ஒரு மௌனம் விழுகிறது. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், அந்த இடத்தில் நீங்களும் ஒரு நொடி நின்றுதான் 'குருகும்' என்று எடுக்க வேண்டியிருக்கும்.

'பார்க்கும்' என்ற சொல்லையும் கவனியுங்கள். கூடிய நாள் கடந்துவிட்டது: 'மணந்த ஞான்று.' குருகு மட்டும் 'பார்த்த குருகு' ஆகவில்லை, 'பார்க்கும் குருகு'. செய்யும் என்னும் பெயரெச்சம், இறந்தகாலம் காட்டாது. அன்று ஓடிய தண்ணீர் எங்கேயோ போய்விட்டது. அவன் போய்விட்டான். அவள் நினைவில் குருகு இன்னும் தலை தூக்காமல் நின்றுகொண்டிருக்கிறது.

'குருகும்' என்பதில் அந்த 'உம்' இருக்கிறதே, அதற்கு நான் எத்தனை முறை கண் கலங்கியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. 'யாரும் இல்லை' என்று தொடங்கியவள், எல்லாம் சொல்லி முடித்த பிறகு, இல்லை, ஒன்று இருந்தது என்று தேடி எடுக்கிறாள். பேசத் தெரியாதது, பார்க்கவும் பார்க்காதது. அதையும் விட மனமில்லை அவளுக்கு.

அந்த மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். அவையில் சாட்சியை எப்படிச் சோதிப்பார்கள்? அங்கே என்ன இருந்தது, என்ன நிறம், எது எந்தப் பக்கம் நின்றது என்று துருவிக் கேட்பார்கள். குருகு அவளைப் பார்க்கவில்லை. அவள் குருகைப் பார்த்திருக்கிறாள். கால் எவ்வளவு மெலிவு, என்ன பச்சை, நீர் ஓடியதா நின்றதா, உள்ளே என்ன மீன், எல்லாம் சொல்கிறாள். அங்கே இருந்தவளுக்கு மட்டும்தான் இதெல்லாம் தெரியும். அவன் நாளைக்கு அவையில் நின்று 'அறியேன்' என்று சொன்னால், குருகின் கால் என்ன நிறம் என்று அவனைக் கேட்டுப் பாருங்கள்.