கைக்கு ஒரு வேலை கொடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கல்யாண வீடுகளில் இதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பந்தி முடிந்து, வெற்றிலையை மடித்துக்கொண்டு ஒரு பெரியப்பா உட்கார்ந்திருப்பார். மாப்பிள்ளை சின்ன வயதில் அரைக்கால் சட்டையோடு வாய்க்காலில் விழுந்த கதையைச் சொல்லிச் சுற்றியிருக்கும் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பார். அந்த நேரம் பார்த்து வீடியோக்காரர் விளக்கைப் போட்டு, மைக்கை நீட்டி, "மாப்பிள்ளையைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க சார்" என்பார். பெரியப்பா உடனே துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்பார். "மணமக்கள் பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ வாழ்த்துகிறேன்." அவ்வளவுதான். வாய்க்காலும் போச்சு, அரைக்கால் சட்டையும் போச்சு.

ஆவணப்படத்துக்காக கேமரா முன்னால் ஒருவரை உட்கார வைத்துப் பேட்டி எடுக்கிறவருக்கு இந்தப் பெரியப்பாதான் பெரிய சவால். பேசத் தெரியாதவர்கள் என்று நம் ஊரில் கிட்டத்தட்ட யாருமே இல்லை. கேமராவைப் பார்த்ததும் வேறு ஆளாகிவிடுகிறவர்கள்தான் நிறைய. படம் எடுக்க வருகிறோம் என்று ஒரு வீட்டில் சொல்லிவிட்டுப் போய்ப் பாருங்கள். புதுச் சேலை வந்துவிடும். கொடியில் காயும் துணி மறைந்துவிடும். முன்னறையில் நாற்காலி போட்டு, பின்னால் பிளாஸ்டிக் பூஜாடி வைத்திருப்பார்கள். பேச்சும் அதற்கேற்றபடி மாறும். நேற்று வரை "ரொம்பச் சீரழிஞ்சிட்டோம் தம்பி" என்று சொன்னவர், இன்றைக்கு "பல்வேறு இன்னல்களைச் சந்தித்தோம்" என்பார். நாம் "தங்கள் வாழ்வில் தாங்கள் சந்தித்த இன்னல்கள் யாவை?" என்கிற தோரணையில் கேட்டால் அவர் மட்டும் எப்படிச் சாதாரணமாகப் பேசுவார்?

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. 1935இல் இங்கிலாந்தில் 'ஹவுசிங் ப்ராப்ளம்ஸ்' என்று ஒரு சின்னப் படம் எடுத்தார்கள். லண்டனில் ஸ்டெப்னி என்கிற பகுதியில், இடிந்து விழுகிற மாதிரி இருந்த வீடுகளில் குடியிருந்தவர்களை அவரவர் வீட்டிலேயே வைத்துப் பேச வைத்த படம். ஏழை ஜனங்கள் தங்கள் கதையைத் தாங்களே திரையில் சொல்வது அன்றைக்குப் பெரிய புதுமை. ஒலிப்பதிவுக் கருவிகளோ அப்போது ஆளை நசுக்கும் கனம். இன்றைக்கு அந்தப் படத்தைப் பார்த்தால், அவர்கள் விறைப்பாக நிற்கிற நிற்பில் நம் பெரியப்பா தெரிவார். ஒரு அம்மா எலி வந்த கதையைச் சொல்லும்போது மட்டும் அந்த விறைப்பு கொஞ்சம் தளர்கிறது.

சரி, இந்த விறைப்பை எப்படிக் குறைப்பது? நான் பல வருஷமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவரும் ஒரு விஷயம் உண்டு. என்னோடு வேலை செய்த பையன்களுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்கும். பேசுகிறவரின் கைக்கு ஒரு வேலை கொடுங்கள்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு பீடி சுற்றும் அக்கா. தென்காசி மாவட்டத்தில், ஆலங்குளம் பக்கம். பீடித் தொழில் பற்றிய படம் அது. மகள் அம்மாவுக்குப் பட்டுச் சேலை கட்டிவிட்டு, நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். காலர் மைக்கைக் குத்தினால் பட்டு உரசுகிற சத்தம் சரசரவென்று வருகிறது. ஒலிப்பதிவு செய்கிற பையன் முகத்தைச் சுளிக்கிறான். நான் என்ன கேட்டாலும் "நல்லா இருக்கோம் சார்", "ஒரு குறையும் இல்ல சார்". இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, கட்டைவிரலால் கட்டைவிரலைத் தேய்த்தபடியே இருந்தார். கண்ணோ, பதில் சரிதானா என்று மகளைப் பார்க்கிறது.

கொஞ்ச நேரம் போனது. அக்கா மெதுவாகக் கேட்டார்: "சார், இன்னைக்குக் கணக்கு குறையுது. ஒரு பக்கமா பீடியச் சுத்திக்கிட்டே பேசட்டா?"

மகளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அக்கா எழுந்து போய்ப் பருத்திச் சேலைக்கு மாறி, நடையில் சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்து, சொளகை, அதாவது முறத்தை, மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கை வேலை செய்வதை நீங்கள் பார்க்க வேண்டும். பார்க்க முடியாது, வானொலியாகப் போயிற்று. ஈரத்துணியில் சுற்றி வைத்த இலை. அதைத் தகர அளவை வைத்துக் கத்திரியால் நறுக்கி, தூளைத் தூவி, உருட்டி, நூலைச் சுற்றி, முனையை மடக்கிவிடுவார். ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. கைக்குத்தான் எல்லாம் தெரியுமே! கை தன் பாட்டுக்கு ஓட ஆரம்பித்ததும் வாயும் தன் பாட்டுக்கு ஓட ஆரம்பித்தது. 'சார்' போய், 'தம்பி' வந்தது.

"பொண்ணு பாக்க வந்தாவல்லா, என்ன படிச்சிருக்கன்னு கேக்கல தம்பி. ஒரு நாளைக்கு எத்தன சுத்துவன்னு கேட்டாவ. எங்கம்மா எரநூறு கூட்டிச் சொல்லிட்டா. அந்த எரநூறச் சுத்துறதுக்கு வருசம் பூரா ராத்திரி முழிச்சேன்."

இதைச் சொன்னதும் கை நின்றுவிட்டது. பாதி உருட்டிய இலை விரலுக்கு நடுவில் இருக்கிறது. என் கையில் இருந்த காகிதத்தில் அடுத்த கேள்வி கூலியைப் பற்றி. கேட்கலாமா என்று கேமராமேன் என்னைப் பார்க்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது. அப்புறம் அக்கா அந்தப் பீடியை முழுசாக உருட்டி, நூலைச் சுற்றிச் சொளகில் போட்டுவிட்டுச் சொன்னார்: "எங்கம்மா படுக்கையில கெடந்தப்போ அந்த எரநூறப் பத்திக் கேட்டேன். அவளுக்கு ஞாபகமே இல்ல." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பீடித் தொழிலில் பெண்களின் நிலை என்று எத்தனை அறிக்கை படித்தாலும் இந்த எரநூறு கிடைக்காது. படத்தைப் பார்த்த ஒரு தொலைக்காட்சிக்காரர் அந்த இடைவெளியை வெட்டச் சொன்னார், பார்க்கிறவர்கள் சேனலை மாற்றிவிடுவார்களாம். வெட்டவில்லை. கை நிற்கிற இடத்தைப் பார்த்தால்தானே அந்தச் சிரிப்பு புரியும்? வானொலியில் இது செல்லாது, ஒத்துக்கொள்கிறேன். நான் இப்போது அத்தனை நேரம் சும்மா இருந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்துவிடுவார்.

கைக்கு வேலை கொடுப்பது உலகத்துக்குப் புதுசு இல்லை. பிரெஞ்சு இயக்குநர் கிளாட் லான்ஸ்மேன் 1985இல் வெளியிட்ட 'ஷோவா' ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம். நாஜிகள் யூதர்களைக் கொன்ற முகாம்களைப் பற்றியது. பழைய படச்சுருள் ஒன்றைக்கூட அவர் சேர்க்கவில்லை. முழுக்க மனிதர்களின் பேச்சும், இன்றைக்கு அந்த இடங்கள் இருக்கிற கோலமும்தான். அதில் ஆபிரகாம் போம்பா என்று ஒருவர் வருகிறார். ட்ரெப்ளிங்கா முகாமில், சாகப்போகும் பெண்களின் முடியை வெட்டும்படி கட்டாயப்படுத்தப்பட்ட முடிதிருத்துநர். அவரை நாற்காலியில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கவில்லை லான்ஸ்மேன். இஸ்ரேலில் ஒரு முடிதிருத்தும் கடையை வாடகைக்கு எடுத்து, கையில் கத்திரியைக் கொடுத்து, ஒருவருக்கு முடிவெட்டிக்கொண்டே பேச வைத்தார். போம்பா முதலில் செய்தி வாசிக்கிற மாதிரி விவரங்களைச் சொல்லிக்கொண்டு போகிறார். கத்திரி ஓடிக்கொண்டே இருக்கிறது. கூட வேலை பார்த்த நண்பனின் மனைவியும் சகோதரியும் அந்த அறைக்குள் வந்த இடத்துக்கு வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. முகத்தைத் துடைக்கிறார். என்னால் முடியாது என்கிறார். லான்ஸ்மேன் விடவில்லை, சொல்லித்தான் ஆக வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். கடைசியில் அவர் சொல்கிறார்.

அப்படி அழுத்தியது சரியா என்று இன்றைக்கு வரை விவாதம் நடக்கிறது. லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டதற்குச் சாட்சி தேடிப் போன படம் அது, அவருடைய நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு நம் பையன்கள் ஊருக்குள் போய் யாரையாவது அழ வைக்கக் கிளம்பினால், அதில் எனக்குச் சம்மதம் இல்லை. 2004 சுனாமி சமயத்தில் பார்த்தோமே. பிள்ளையைப் பறிகொடுத்தவள் முன்னால் மைக்கை நீட்டி, "இப்போ உங்க மனநிலை எப்படி இருக்கு?" அந்தக் கேள்விக்கு என்ன பதில் எதிர்பார்த்தார்கள்? கை நின்றால் நாமும் நிற்போம். அவர்களாகத் தொடர்ந்தால் சரி. தொடரவில்லை என்றால் அதுவும் சரி.

கேள்வி கேட்பதைப் பற்றி ரெண்டு விஷயம். "கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்டால் "ஆமா" என்று முடிந்துவிடும். "மொதச் சம்பளத்துல என்ன வாங்குனீங்க?" என்று கேளுங்கள், ஒரு கடை வரும், ஒரு தெரு வரும், கூடப் போன தங்கச்சி வருவாள். இன்னொன்று, படத்தில் பெரும்பாலும் நம் கேள்வியை வெட்டிவிடுவோம். "எந்த வருஷம் மில்லுல சேர்ந்தீங்க?" என்று கேட்டு அவர் "அம்பத்தெட்டு" என்றால், எடிட்டிங்கில் அந்த அம்பத்தெட்டு அனாதையாக நிற்கும். வருஷமா, வயசா, பஸ் நம்பரா? "நான் அம்பத்தெட்டுல மில்லுல சேர்ந்தேன்னு முழுசாச் சொல்லுங்கய்யா" என்று முதலிலேயே பழக்கிவிடுங்கள்.

கேள்வி கேட்கிறவர் கேமராவின் லென்ஸுக்குப் பக்கத்திலேயே, பேசுகிறவரின் கண் மட்டத்தில் உட்கார வேண்டும். அவர் தரையில் என்றால் நீங்களும் தரையில். அமெரிக்க இயக்குநர் எரல் மாரிஸ் இதற்காக ஒரு ஏற்பாடே செய்து வைத்திருக்கிறார். செய்தி வாசிப்பவர்கள் எழுத்தைப் பார்த்து வாசிக்கும் கண்ணாடி இருக்கிறதல்லவா, அதில் எழுத்துக்குப் பதிலாகத் தன் முகம் தெரிகிற மாதிரி செய்துவிட்டார். பேசுகிறவர் மாரிஸின் முகத்தைப் பார்த்துப் பேசுவார், பார்வை நேராக லென்ஸுக்குள் போகும். 2003இல் வந்த 'தி ஃபாக் ஆஃப் வார்' படத்தில், அமெரிக்காவின் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் மக்நமாரா வியட்நாம் போரைப் பற்றி நம் கண்ணைப் பார்த்துச் சொல்வது இப்படித்தான். ஓய்வுபெற்ற அமைச்சர்களுக்கு அது பொருந்தும். நம் அக்காவுக்குச் சொளகு போதும்.

சத்தத்தைப் பற்றி நிலையத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஃபேனை நிறுத்துங்கள், குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்துங்கள். நிறுத்தியதும் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். சாவியைத் தேடும்போதுதான் திரும்பப் போட வேண்டும் என்று ஞாபகம் வரும், இல்லையென்றால் அந்த வீட்டுப் பால் திரிந்துவிடும். எல்லாம் முடிந்த பிறகு, யாரும் பேசாமல் அறையின் சத்தத்தை மட்டும் அரை நிமிஷம் பதிவு செய்துகொள்ளுங்கள், எடிட்டிங்கில் ஒட்டுப்போட உதவும். பக்கத்தில் நின்று "அம்மாவுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்காது சார், நான் சொல்றேன்" என்கிற மகனை டீ வாங்க அனுப்பிவிடுங்கள். கொஞ்சம் தூரமான கடைக்கு.

கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்குகிறது. கடைசியாக வைத்திருந்த பகுதிதான் பெரியது, ஓடிச் சொல்லிவிடுகிறேன். சம்மதக் கடிதம் வாங்கும்போது அது தமிழில் இருக்கட்டும், வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். "முடிஞ்சதுக்கா" என்று சொன்ன பிறகும் கேமரா ஓடுகிறதென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். நல்ல பேச்சு பெரும்பாலும் அப்போதுதான் வரும், அதனால்தான் சொல்கிறேன். ஒன்றைச் சொல்லிவிட்டு மறுநாள் "அதைப் போட வேண்டாம் தம்பி" என்று போன் வந்தால் எடுத்துவிடுங்கள். படம் முடிந்ததும், திரைப்பட விழாவுக்கு அனுப்புவதற்கு முன்னால், அந்தத் தெருவில் ஒரு வேட்டியைக் கட்டியாவது போட்டுக் காட்டுங்கள். அதற்கு ப்ரொஜெக்டர் எங்கே வாடகைக்குக் கிடைக்கும், கரண்டு எந்த வீட்டிலிருந்து எடுப்பது என்றெல்லாம் குறித்து வந்திருந்தேன். மணி ஆகிவிட்டது. வணக்கம்.