செவலை கழுத்து மணி

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் பால்மர (ரப்பர் மர) வெட்டு ஒரு சம்பளம், மாடு இன்னொரு சம்பளம். பள்ளிப் புத்தகம், தீபாவளித் துணி, அக்காவின் தோடு எல்லாம் மாட்டுப்பாலில் வந்தவை.

தாத்தா மாடு ஓட்டும்போது மந்தைக்கு நேர் பின்னால் வர மாட்டார். மாட்டுக்குக் கண் இரு பக்கமும் இருப்பதால் சுற்றிலும் தெரியும். ஆனால் வாலுக்கு நேர் பின்னால் தெரியாது. அங்கிருந்து சத்தம் போட்டால் மிரண்டுவிடும். தாத்தா பக்கவாட்டில், மாட்டின் தோளுக்குச் சற்றுப் பின்னே ஓரடி எடுத்து வைப்பார். அது முன்னே நடக்கும். தோளைத் தாண்டி முன்னே போவார், நின்றுவிடும். கையில் கம்பு இருக்கும், அடித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் மந்தைக்கு முன்மாடு செவலை, வயதான பசு. தண்ணீர்த் தொட்டியில் மற்றதை முட்டித் தள்ளி முதலில் வாய் வைப்பது கறுப்பி. ஆனால் கறுப்பி நடந்தால் எதுவும் பின்னால் போகாது. செவலை எழுந்தால் எல்லாம் எழும். முட்டுகிற மாடு வேறு, வழிகாட்டுகிற மாடு வேறு. அதனால் மணி செவலை கழுத்தில்தான்.

1948-இல் அவசரகாலம் வந்தது; அரசாங்கத்துக்கும் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கும் சண்டை. அந்தக் காலத்தில் நாங்கள் குடியிருந்த தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். காட்டுக்குச் சோறு கொண்டுபோகத் தடை. ஊரடங்குக்கு முன் மந்தை வேலிக்குள் வந்தாக வேண்டும். உச்சி வெயிலில் மாடு நிழலில் படுத்து அசைபோடும். வெயில் தாழ்ந்தபிறகுதான் ஆசையாய் மேயும். அந்த நேரம் பார்த்து ஓட்டிவர வேண்டியிருந்ததைத் தாத்தா சாகும்வரை வருத்தமாகச் சொல்வார்.

அப்புறம் பால்மரம் போய்ச் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, வந்தது. மாட்டை அப்புறப்படுத்தச் சொன்னார்கள். இளஞ்செடியின் மட்டையை மாடு கடிக்கும், உண்மைதான்; முதல் நாலைந்து வருடம் விடவே கூடாது. மரம் உயர்ந்தபிறகும் விடவில்லையே, அதுதான் என் ஆதங்கம். அப்பா பதினொரு மாட்டையும் ஒரே வாரத்தில் விற்றார். செவலையின் பேத்தி லாரியில் ஏறாமல் காலை ஊன்றி நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இன்று சில தோட்டங்களில் செம்பனைக்குள்ளேயே மாடு வளர்க்கிறார்கள். மின்வேலி போட்டு, ஒரு பகுதியை மேயவிட்டு, புல் தழைக்கும்வரை அடுத்த பகுதிக்கு மாற்றுகிறார்கள். ஒரே இடத்தில் விட்டால் மண் இறுகிவிடும். களையைக் கொல்லும் புல் மருந்துச் செலவும் குறைகிறது, சாணம் மரத்துக்கு எரு. தாத்தா மனக்கணக்காகச் செய்த வேலை!

மின்வேலி கட்ட ஆள் கிடைக்கும். ஆனால் இதுதான் முன்மாடு என்று பார்த்துச் சொல்லக்கூடிய பெரியவர்கள் எங்கள் ஊரில் நாலைந்து பேர்தான் மிச்சம். மாடு வளர்க்கும் தோட்டத்தார் அவர்களைக் கூப்பிட்டு, ஒருநாள் விடியற்காலையில் மந்தையோடு நடக்கவிடுங்கள். உங்கள் பையன்களையும் கூட அனுப்புங்கள்.

நன்றி, வணக்கம்.