கப்பு கம்மி, கதை ஜாஸ்தி: நாட்ஸ் கவுன்ட்டி பத்தி பேசினது

எல்லாருக்கும் வணக்கம். பழைய இங்கிலீஷ் ஃபுட்பால் கிளப் ஒண்ணு பத்தி பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. மேன்செஸ்டர் யுனைடெட்டா லிவர்பூலான்னு முன் வரிசைல இப்பவே தகராறு ஆரம்பிச்சிருச்சு, ரெண்டும் இல்லப்பா, கொஞ்சம் அடங்குங்க. நான் பேசப்போறது நாட்ஸ் கவுன்ட்டி. யாராவது அந்த ஜெர்சி போட்டுட்டு வந்திருக்கீங்களா? இல்ல. எதிர்பார்த்ததுதான்.

நாட்டிங்ஹாம் ஊர்ல 1862ல ஆரம்பிச்ச கிளப் இது. கோட்டை பக்கத்துல பார்க் ஹாலோன்னு ஒரு இடத்துல தங்களுக்குள்ளேயே ரெண்டு டீமா பிரிஞ்சு ஆடிட்டு இருந்தாங்க, அப்புறம் 1864 டிசம்பர்ல ஜார்ஜ் ஹோட்டல்ல கூடி முறைப்படி கிளப்பா ஆக்கினாங்க. இங்கிலாந்தோட ஃபுட்பால் சங்கமே 1863லதான் வந்துச்சு, பார்த்துக்குங்க. ஷெஃபீல்டு எஃப்சி 1857, அது இதைவிட மூத்தது, ஆனா அது அமெச்சூர் வழியிலேயே போயிருச்சு. அதனால காசு வாங்கி ஆடுற கிளப்புகள்ல உலகத்துலயே மூத்தது நாட்ஸ்தான்.

சரி, இத்தனை வருஷத்துல என்ன ஜெயிச்சாங்க? பெரிய கப்புன்னா ஒண்ணே ஒண்ணு, 1894 எஃப்ஏ கப், அதாவது இங்கிலாந்து கிளப்புகளோட நாக்அவுட் கப். 1888ல லீக் ஆரம்பிச்ச 12 கிளப்புல இவங்களும் ஒருத்தங்க, அந்த முதல் சீசன்லயே 11வது இடம், திரும்ப சேர்த்துக்குங்கன்னு மனு போட வேண்டிய நிலைமை. லீக்கோட மேல் தட்டான முதல் டிவிஷன் பட்டம் இன்னைக்கு வரைக்கும் கிடையாது. கப்பை எண்ணினா அஞ்சு நிமிஷத்துல நான் மைக்கை குடுத்துட்டு போயிரலாம். ஆனா இவங்க கிட்ட இருந்து மத்தவங்களுக்கு போனது நிறைய இருக்கு, அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதல்ல பெனால்ட்டி. 1891 பிப்ரவரி, எஃப்ஏ கப் கால் இறுதி, நாட்ஸுக்கும் ஸ்டோக்குக்கும் மேட்ச். நாட்ஸ் 1-0ன்னு முன்னாடி நிக்குது, கடைசி நேரம், பந்து கோலுக்குள்ள போகப்போகுது, நாட்ஸ் டிஃபெண்டர் ஹென்ட்ரி கோல் லைன்ல நின்னு கையால தட்டி விட்டுட்டார். அப்போ ரூல் என்னன்னா தப்பு நடந்த இடத்துலயே ஃப்ரீ கிக், அவ்வளவுதான். பந்து கோல் லைன்ல இருந்து ஒரு எட்டு தூரத்துல, அதுக்கு நேர் முன்னால நாட்ஸ் கோல்கீப்பர் நிக்கிறார், எந்தப் பக்கம் அடிக்கிறது? அடிச்சாங்க, அவர் தடுத்துட்டார், நாட்ஸ் ஜெயிச்சிருச்சு. பெனால்ட்டி வேணும்னு அயர்லாந்துல இருந்து முன்னாடியே கேட்டிருந்தாங்க, ஜென்டில்மேன் ஆடுற ஆட்டத்துல எவனாவது வேணும்னே தப்பு பண்ணுவானான்னு நிறைய பேர் கிண்டல் பண்ணிட்டு இருந்தாங்க. இந்த மேட்சுக்கு அப்புறம் அந்த பேச்சு எடுபடல. அந்த ஜூன்லயே பெனால்ட்டி சட்டமாயிருச்சு. திருட்டுத்தனம்தான், நான் மறுக்கல, ஆனா அதனால விளையாட்டுக்கு ஒரு நல்ல சட்டம் வந்துச்சே.

அதே வருஷம் ஃபைனலுக்கும் போனாங்க, எதிர்ல பிளாக்பர்ன் ரோவர்ஸ். ஒரு வாரம் முன்னாடிதான் அதே பிளாக்பர்னை லீக்ல 7-1ன்னு துவைச்சு காய போட்டிருந்தாங்க. ஃபைனல்ல 3-1ன்னு தோத்தாங்க. நாட்ஸ் ரசிகனா இருக்கிறதுன்னா என்னன்னு புரிய இந்த ஒரு வாரம் போதும்.

1894ல கப்பை தூக்குனது குடிசன் பார்க்ல, போல்ட்டன் வான்டரர்ஸை 4-1ன்னு. அப்போ நாட்ஸ் செகண்ட் டிவிஷன் டீம், கீழ் டிவிஷன்ல இருந்து வந்து கப்பு அடிச்ச முதல் டீம் இதுதான். நாலுல மூணு கோல் ஜிம்மி லோகன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் போட்டது. எஃப்ஏ கப் ஃபைனல்ல ஹாட்ரிக்னு இதுவரைக்கும் மூணே பேர்தான், அதுல இவர் ரெண்டாவது. இந்த மனுஷனோட முடிவைக் கேளுங்க. ரெண்டு வருஷத்துல லஃப்பரோன்னு ஒரு சின்ன கிளப்புக்கு போயிட்டார், ஒரு வெளியூர் மேட்சுக்கு போனப்போ டீமோட ஜெர்சி மூட்டை வந்து சேரல, போட்டிருந்த சொந்த துணியிலேயே எல்லாரும் மழையில ஆடினாங்க, மாத்த வேற துணி இல்லாம ஈரத்தோடயே ஊர் திரும்பினாங்க. லோகனுக்கு சளி பிடிச்சு நிமோனியா ஆகி, 1896 மே மாசம் செத்துப் போயிட்டார், வயசு 25. ரொம்ப காலம் அவர் சமாதில பேர் பொறிச்ச ஒரு கல்லு கூட கிடையாது.

அடுத்தது ஜெர்சி. இத்தாலி கிளப் யுவென்டஸ்னு சொன்னா கறுப்பு வெள்ளை பட்டைதானே ஞாபகம் வருது? ஆரம்பத்துல அவங்க பிங்க் சட்டை போட்டு ஆடினவங்க, துவைக்க துவைக்க சாயம் போயிருச்சு. 1903ல டீம்ல இருந்த ஜான் சாவேஜ்னு ஒரு இங்கிலீஷ்காரர், நல்ல சட்டையா அனுப்புன்னு நாட்டிங்ஹாம்ல இருந்த நண்பருக்கு சொல்லி விட்டார், நண்பர் நாட்ஸ் ரசிகர், அவர் வேற எதை அனுப்புவார்? 2011 செப்டம்பர்ல யுவென்டஸ் புது ஸ்டேடியம் திறந்தப்போ, முதல் மேட்ச் ஆட உலகத்துல எந்த கிளப்பை வேணும்னாலும் கூப்பிட்டிருக்கலாம், அவங்க கூப்பிட்டது மூணாவது டிவிஷன்ல கிடந்த நாட்ஸை. மேட்ச் 1-1 டிரா. டூரின்ல அந்த ராத்திரி ஆடினது எல்லாம் இவங்களுக்கு கப்பு ஜெயிச்ச மாதிரிதான், எனக்கும் அப்படித்தான் படுது.

கிரிக்கெட் பார்க்கிறவங்களுக்கு ட்ரென்ட் பிரிட்ஜ் தெரியும்ல, அந்த டெஸ்ட் மைதானத்துலதான் 1883ல இருந்து 1910 வரைக்கும் நாட்ஸ் ஆடினாங்க. கிரிக்கெட் நடந்தா ஃபுட்பால் வேற இடம் பார்த்துக்கணும், அங்கேயும் அதே கதைதான். 1910ல ஆத்தைத் தாண்டி மெடோ லேனுக்கு வந்தாங்க, இன்னைக்கும் அங்கதான். அந்த காலத்து கோல்கீப்பர் ஆல்பர்ட் ஐரமாங்கர், ஆறு அடி அஞ்சு இன்ச், 564 லீக் மேட்ச். அவர் பெனால்ட்டி அடிக்கப் போய், பந்து பார்ல பட்டு திரும்பி, அதைத் துரத்திட்டு ஓடி வந்து சொந்த கோலுக்குள்ளேயே தட்டி விட்டார்னு ஒரு கதை சொல்லுவாங்க. எவ்வளவு நிஜமோ, நல்லா இருக்கு.

1947ல ஒரு வேலை பண்ணாங்க பாருங்க. டாமி லாட்டன், இங்கிலாந்தோட சென்டர் ஃபார்வர்ட், செல்சியில ஆடிட்டு இருந்தவர், அவரை 20,000 பவுண்டு குடுத்து வாங்கினது மூணாவது டிவிஷன்ல இருந்த நாட்ஸ். அப்போ பிரிட்டன்ல அதுதான் ரெக்கார்டு. ஏன் வந்தார்னா, செல்சியில அவருக்கு மசாஜ் பண்ணிட்டு இருந்த நண்பர் ஆர்தர் ஸ்டாலரி நாட்ஸ் மேனேஜர் ஆயிட்டார். அதுக்காக வந்தார், 1950ல டிவிஷன் ஏத்தியும் விட்டார். இப்போ மேன்செஸ்டர் சிட்டி ஆளு ஒருத்தர் ஃபிரண்டுக்காக மூணாவது டிவிஷனுக்கு போவாரா?

அப்புறம் எதிர்க்கரை. ஆத்துக்கு அந்தப் பக்கம் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். இவங்க மேல ஏற தடுமாறிட்டு இருந்தப்போ அவங்க 1979, 1980னு ரெண்டு வருஷம் ஐரோப்பிய கப்பையே தூக்கிட்டு வந்துட்டாங்க. பொறுக்குமா? ஜிம்மி சிரெல்ங்கிற மேனேஜர் 1981ல நாட்ஸை முதல் டிவிஷனுக்கு கொண்டு வந்தார், 1926ல இறங்கினதுக்கு அப்புறம் அப்போதான். மூணு சீசன் நின்னாங்க.

இனி காசு விஷயம். 2002ல கடன் தாங்காம கிளப் திவால் நிர்வாகத்துக்கு போச்சு, ஒன்றரை வருஷம், அவ்வளவு நாள் அந்த நிலைமைல கிடந்த லீக் கிளப் அதுவரை இல்ல. ரசிகர்கள் வசூல் பண்ணி, உள்ளூர்ல ஒருத்தர் கை குடுத்து, தப்பிச்சுச்சு. பின்னாடி ரசிகர்கள் டிரஸ்ட் கையிலேயே கிளப்போட பெரும்பங்கு வந்துச்சு. அதை 2009ல மன்டோ ஃபைனான்ஸ்னு ஒரு கம்பெனிக்கு தூக்கி குடுத்தாங்க, மத்திய கிழக்கு பணம், கோடி கோடியா கொட்டும்னு பேச்சு. நாலாவது டிவிஷன்ல இருக்கிற கிளப்புக்கு இங்கிலாந்தோட பழைய கோச் ஸ்வென் யோரன் எரிக்சன் டைரக்டரா வர்றார், இங்கிலாந்துக்கு ஆடின டிஃபெண்டர் சோல் காம்ப்பெல் அஞ்சு வருஷ கான்ட்ராக்ட் போடுறார். காம்ப்பெல் ஒரே ஒரு மேட்ச் ஆடினார், மோர்கம்ப் ஊர்ல, 2-1 தோல்வி, பெட்டியைக் கட்டிட்டார். வரும் வரும்னு சொன்ன பணம் வரவே இல்ல, வந்தது கடன் பில்லுதான். கடைசில 2010 பிப்ரவரில ஒரு பவுண்டுக்கு கிளப் கை மாறுச்சு, எரிக்சன் தனக்கு வரவேண்டிய பெரிய தொகையை விட்டுக்குடுத்துட்டு போனார். கூத்து என்னன்னா, இந்த களேபரம் நடந்த அதே சீசன்ல டீம் டிவிஷன்ல முதல் இடம், காஸ்பர் ஷ்மைக்கேல்தான் கோல்கீப்பர்.

2019 மே மாசம் ஸ்விண்டன்ல 3-1 தோத்து லீக்கை விட்டே வெளிய போனாங்க, லீக்கை ஆரம்பிச்ச கிளப் அந்த லீக்லயே இல்ல. டென்மார்க் அண்ணன் தம்பி, ரீட்ஸ் குடும்பம், வாங்கினாங்க. 2022-23ல, கீழ இருக்கிற அஞ்சாவது டிவிஷன்ல, 107 பாயிண்ட், மெக்காலி லாங்ஸ்டாஃப் மட்டும் 42 கோல், இருந்தும் ரெண்டாவது இடம், ஏன்னா ஹாலிவுட் ஓனருங்க வெச்சிருக்கிற ரெக்ஸமுக்கு 111. நேரா மேல போறது ஒரே டீம்தான், மீதி பேருக்கு பிளேஆஃப். அதுலயும் செமில 2-0 பின்னாடி இருந்து, 120வது நிமிஷத்துல ஜோடி ஜோன்ஸ் கோல் போட்டு 3-2. வெம்ப்ளில செஸ்டர்ஃபீல்டோட 2-2, எக்ஸ்ட்ரா டைம் முடியப்போற நேரத்துல, மேட்ச் பூரா நின்ன கோல்கீப்பரை இறக்கிட்டு ஆர்ச்சி மேர்ங்கிற ரிசர்வ் பையனை ஷூட்அவுட்டுக்குன்னே உள்ள அனுப்புறாங்க, சொதப்பியிருந்தா மேனேஜரை கிழிச்சிருப்பாங்க. பெனால்ட்டில 4-3ன்னு ஜெயிச்சு லீக்குக்கு திரும்பினாங்க.

லீக்ல இல்லாத அந்த நாலு வருஷம் மூத்த லீக் கிளப் நாங்கதான்னு ஸ்டோக் சொல்லிட்டு இருந்தாங்க, அவங்க ஆரம்பிச்ச வருஷம் 1863ஆ 1868ஆன்னு இன்னும் சண்டை. அந்த பேச்சு அன்னைக்கு சாயந்திரம் நின்னு போச்சு. கேள்வி இருந்தா கேளுங்க, யுனைடெட் பத்தி மட்டும் வேணாம்.