ஆண்டு முடிவில் மிஞ்சுவது உறவே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையை எங்களுக்காக ஒதுக்கி, பிறையிலிருந்தும் பட்டர்வொர்த்திலிருந்தும் பினாங்குப் பாலம் கடந்து வந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

தொலைக்கல்வியில் ஆண்டு முடிவில் மிஞ்சுவது சான்றிதழா, உறவா? இதுதான் தலைப்பு. உறவே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு காட்சியைச் சொன்னார். சாதாரணப் பள்ளியில் கடைசி நாள் என்றால் வெள்ளைச் சட்டை முழுக்கக் கையெழுத்து, கட்டிப்பிடித்து அழுகை, ஆசிரியர் காலில் விழுந்து ஆசீர்வாதம். தொலைக்கல்வியில் என்ன இருக்கிறது? "நன்றி டீச்சர்" என்று சொல்லி ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்தினால் முடிந்தது, முப்பது முகமும் ஒரே நொடியில் மறைந்துவிடும், இதில் உறவு எங்கே என்று கேட்டார்.

தம்பி, அந்தப் பொத்தானுக்கு முன்னால் நான் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன். வேலை பார்த்துக்கொண்டே தமிழ் இலக்கியம் படிக்கும் பெரியவர்களுக்கு இரவில் இயங்கலை வகுப்பு எடுக்கிறேன். ஆண்டின் கடைசி வகுப்பில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன், கேளுங்கள். ஒன்பதரைக்குப் பாடம் முடியும். "சரி டீச்சர், போய்ட்டு வர்றோம்" என்பார்கள். ஆனால் ஒருவரும் போகமாட்டார்கள். ஒருவர் வீட்டில் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்கும். இன்னொருவர் மடியில் குழந்தை சிணுங்கும். சிரம்பானில் மழை பெய்கிறது என்று ஒருவர் சொல்வார், இங்கே இன்னும் இல்லை என்று அலோர் ஸ்டாரிலிருந்து பதில் வரும். பேச விஷயம் தீர்ந்து போயிருக்கும். இருந்தாலும் முதல் ஆளாகப் போக யாருக்கும் மனம் வராது. பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும், பேருந்து வந்து நிற்கும், காவலாளி கதவைச் சாத்துவார், பிரிய வைப்பதற்கு ஆள் இருக்கிறது. இங்கே பிரிவை ஒவ்வொருவரும் தங்கள் விரலாலேயே செய்துகொள்ள வேண்டும். அது எவ்வளவு கனமான காரியம் என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சான்றிதழ் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. தோட்டத்துப் பிள்ளை நான். என் பட்டச் சான்றிதழைச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியவர் என் அம்மா. வீட்டுக்கு வருகிறவர்கள் சாமி கும்பிடும்போது அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அந்தக் காகிதம் எனக்கு வேலை வாங்கித் தந்தது, மரியாதை வாங்கித் தந்தது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தலைப்பு எது பயன்படும் என்று கேட்கவில்லை. எது மிஞ்சும் என்று கேட்கிறது.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் அஞ்சல் வழியாகத் தமிழ் இலக்கியம் படித்தவள் நான். இந்த மண்டபத்தில் என்னைப் போல இன்னும் சிலர் இருப்பீர்கள். பழுப்பு உறையில் இந்தியத் தபால்தலை ஒட்டிப் பாடப் புத்தகம் வரும். நாம் விடைத்தாள் எழுதி அனுப்ப வேண்டும். அது கடல் தாண்டிப் போய், திருத்தப்பட்டு, திரும்பக் கடல் தாண்டி வரும். ஒருமுறை இரவு இரண்டு மணிக்கு எழுதிய விடைத்தாள் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் இப்படி எழுதியிருந்தது: "மூன்றாம் பக்கத்தில் கையெழுத்து சாய்ந்திருக்கிறது. தூக்கத்தோடு எழுதினீர்கள் போல. பரவாயில்லை அம்மா, கருத்து விழித்திருக்கிறது."

யார் அவர்? கறுப்பா, சிவப்பா, உயரமா, குள்ளமா? எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் நான் தூங்கி விழுந்தது என் வீட்டில் யாருக்கும் தெரியாது, அவருக்குத் தெரிந்தது.

அந்த ஆண்டின் கடைசி விடைத்தாளோடு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. "இந்த ஆண்டோடு ஓய்வு பெறுகிறேன். இனி உங்கள் தாளை வேறொருவர் திருத்துவார். உங்கள் கையெழுத்து அவருக்குப் பழகக் கொஞ்ச நாள் ஆகும். பொறுத்துக்கொள்ளுங்கள்." அவ்வளவுதான். வாழ்த்து இல்லை, அறிவுரை இல்லை. வாசல் தபால்பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று அழுதேன். அம்மா ஓடி வந்து, "யாரு தவறிட்டாங்க?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது? முகம் தெரியாத ஒருவர் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார் என்றா சொல்வது?

நடுவர் அவர்களே, சான்றிதழ் இப்போதும் சுவரில் இருக்கிறது, அதைத் தினமும் கடந்து போகிறேன். அந்தச் சீட்டை ஆண்டுக்கு ஒருமுறை, என் மாணவர்களுக்கு விடைகொடுக்கும் வாரத்தில், எடுத்துப் படிக்கிறேன்.

இது என் ஒருத்தியின் அனுபவம் என்று எதிரணி சொல்லலாம். அப்படியானால் நம் பினாங்கையே பார்ப்போம். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971-லேயே வேலை செய்கிறவர்களுக்காகத் தொலைக்கல்வியைத் தொடங்கியது. நாட்டில் அதுதான் முன்னோடி. ஆண்டு முழுக்க வீட்டிலிருந்து படிக்கிறவர்கள் சில வாரங்கள் மிண்டன் வளாகத்துக்கு வந்து தங்கி, நேரில் பாடம் கேட்பார்கள். அந்த முதல் ஆண்டுகளில் பினாங்குப் பாலமே கிடையாது, பாலம் திறந்தது 1985-ல்தான். பட்டர்வொர்த்தில் ரயிலை விட்டு இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெரிப் படகு ஏறி வந்தார்கள். வந்தவர்களில் ஆசிரியர்கள் இருந்தார்கள், குமாஸ்தாக்கள் இருந்தார்கள், பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்த தாய்மார்கள் இருந்தார்கள். அப்படி வந்த ஓர் அக்கா என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. "அந்த மூணு வாரத்துக்காகத்தான் மிச்ச மாசமெல்லாம் படிச்சேன்" என்றார். பட்டத்துக்காக என்று அவர் சொல்லவில்லை.

கொஞ்சம் தூரம் போனால் ஆஸ்திரேலியா. 1951-ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வானொலி வழியாகப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். அக்கம்பக்கத்தில் வீடே இல்லாத மாட்டுப் பண்ணைகளில் வளரும் பிள்ளைகளுக்காக. ஆசிரியையை அந்தப் பிள்ளைகளுக்கு அப்போது குரலாகத்தான் தெரியும். பிறகு ஆண்டில் சில நாட்கள் எல்லாரையும் ஊருக்கு வரவழைத்து ஒன்றாக உட்கார வைக்கிறார்கள். பாடம் நடத்த மட்டும் என்றால் அதற்கு அவசியமே இல்லை, வானொலியே போதும்.

நம் பழங்கதையிலும் இது உண்டு. உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழன் வடக்கிருக்க, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிர்விடப் போகிறான். பாண்டிய நாட்டில் இருக்கும் புலவர் பிசிராந்தையாரை அவன் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவருக்கு ஓர் இடம் ஒதுக்கி வையுங்கள் என்கிறான். சுற்றி இருந்தவர்களுக்குச் சந்தேகம், பார்க்காத மனிதர் எப்படி வருவார் என்று. அவர் வந்தார். வந்தார் என்பதைத்தான் மேடைதோறும் பேசுகிறோம். எனக்குப் பெரிதாகப் படுவது அதற்கு முன்னால் நடந்தது: வருவதற்கு முன்பே இடம் ஒதுக்கி வைத்தானே, அது. அதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களிடம் ஒன்று கேட்கிறேன். 2020 மறந்துவிட்டதா? கொரோனாவுக்காக மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. நாடே தொலைக்கல்வி மாணவர் ஆனது. இடையில் பள்ளியைத் திறந்தார்கள், நவம்பர் 9 முதல் மறுபடியும் நாடு முழுக்க மூடினார்கள். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கடைசி நாள் என்று ஒன்று கிடைக்கவே இல்லை. தொடக்கப் பள்ளி முடிவில் எழுதும் யுபிஎஸ்ஆர் சோதனையும் அந்த ஆண்டு ரத்து. தேர்வும் இல்லை, தேர்ச்சியும் இல்லை. எதிரணி சொல்வது சரி என்றால் அந்தப் பிள்ளைகள் எதற்காக ஏங்கியிருக்க வேண்டும்? "சோதனை இல்லாம போச்சே" என்று அழுத பிள்ளையை நான் பார்க்கவில்லை. "டீச்சர்கிட்ட சொல்லிட்டு வரலையே" என்று அழுத பிள்ளை என் பக்கத்து வீட்டிலேயே இருந்தாள். கடைசியில் அவள் அம்மா புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், ஆசிரியையை அழைத்துக் கைப்பேசியைப் பிள்ளையிடம் கொடுத்தார். அரை மணி நேரம் பேசினாள்.

இனி எதிரணியின் இரண்டாவது பேச்சாளருக்கு வருகிறேன். அவர் சொன்னது கனமான வாதம். தொலைக்கல்வியில் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள், ஒருவர் காணாமல் போனால் யாருக்கும் தெரிவதில்லை, நாற்காலி காலியாக இருந்தால்தானே தெரியும், இங்கே நாற்காலியே இல்லையே என்றார். உண்மை. தொலைக்கல்வியின் பெரிய துக்கம் அதுதான். கடைசி வகுப்பில் விடைபெறுகிறவர்களைவிட, நடுவில் ஒரு சொல்லும் சொல்லாமல் போனவர்கள்தான் என் மனத்தை அறுக்கிறார்கள்.

ஆனால் அந்த வாதம் எங்கள் பக்கம் சேர வேண்டியது, ஐயா. ஏன் என்று சொல்கிறேன்.

கூலிமில் ஓர் அக்கா. மின்னியல் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். ஜூன் மாதம் மூன்று வாரம் தொடர்ந்து வகுப்புக்கு வரவில்லை, இடுபணியும் வரவில்லை. நான் இரண்டு முறை செய்தி அனுப்பினேன், பதில் இல்லை. மற்ற வேலைகளில் விட்டுவிட்டேன். அது என் தவறு, இந்த மேடையில் ஒப்புக்கொள்கிறேன். விடாமல் தேடியது ஜொகூர் பாருவில் இருக்கும் இன்னொரு மாணவி. இருவரும் நேரில் பார்த்ததில்லை. தினமும் ஒரு முறை அழைப்பாராம், எடுக்காவிட்டால் மறுநாள் அழைப்பாராம். பத்தாவது நாளோ பதினொன்றாவது நாளோ அக்கா எடுத்தார். கணவருக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். "படிப்ப விட்டுட்டேன்மா, டீச்சர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றாராம்.

அன்று இரவே வகுப்பில் பேசினார்கள். யாரும் பெரிய முடிவு எடுக்கவில்லை. வாரம் ஒருவர் பாடத்தைச் சத்தமாகப் படித்துப் புலனத்தில் குரல் பதிவாக அனுப்புவது, அவ்வளவுதான். அக்கா சுத்திகரிப்பு மையத்தில், கணவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, காதில் மாட்டிக் கேட்பார். சில நாட்களில் கணவரும் ஒரு காதில் கேட்பாராம். அதில் ஒருவர் படிப்பது வேகம், ஒருவருக்கு ழகரம் வராது, ஒருவர் வீட்டுச் சேவல் நடுவில் கூவும். ஒன்றையும் அழிக்காமல் வைத்திருக்கிறார்.

இந்த ஆண்டு அக்கா தேர்வு எழுதவில்லை. சான்றிதழ் இல்லை, மதிப்பெண் இல்லை, அடுத்த நிலைக்குப் போகவில்லை. எதிரணி நண்பர்களே, மிஞ்சுவது சான்றிதழ்தான் என்றால், இந்த அக்காவுக்கு இந்த ஆண்டு என்ன மிஞ்சியது? நீங்கள் பேச வரும்போது இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் எங்கள் மையத்திலிருந்து ஒரு கடிதம் போகும். யார் தேர்ச்சி பெற்றார், யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் வீட்டில் துக்கம், எந்த ஆசிரியர் ஓய்வு பெறுகிறார் என்று எல்லாம் அதில் இருக்கும். தேர்ச்சி விவரம் அதற்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஆனாலும் நவம்பர் பிறந்தால், "டீச்சர், லெட்டர் எப்ப வரும்?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு வயதானவர், ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர், அதை அச்செடுத்து வீட்டில் மனைவிக்கு வாசித்துக் காட்டுகிறார். அந்த அம்மாவுக்கு எங்கள் வகுப்பில் எல்லாருடைய பெயரும் தெரியும். இந்த ஆண்டுக் கடிதத்தில் கூலிம் அக்காவின் பெயர் தேர்ச்சி பெற்றவர்களுக்கு அடுத்த வரியிலேயே வருகிறது. அங்கேதான் வர வேண்டும் என்று வகுப்பே கேட்டுக்கொண்டது.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன்.

நாளை எங்களுக்குக் கடைசி வகுப்பு. அக்காவுக்கு இரவு ஷிப்ட், இடைவேளை ஒன்பதே முக்காலுக்குத்தான். ஐந்து நிமிடம் வந்து தலைகாட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பாடம் ஒன்பதரைக்கு முடிந்தாலும் அவர் வரும்வரை யாரும் பொத்தானைத் தொடுவதில்லை என்று எல்லாரும் பேசி வைத்திருக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.